அத்தானுக்குக் காவலாக ஆர்மேனியா போனேன்

என் உயிருக்கு உயிரான ஜெயா அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கண்ணீர் இல்லை, நோய் இல்லை, சந்தேகமும் இல்லை என்று ஆயர் பிரசங்கத்தில் சொன்னார். அப்படியென்றால் அங்கே எனக்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான். அதனால் சேலையூரில் இருந்தபடியே எழுதிவிடுகிறேன். இதை மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். நம் தெருவுக்கு இதில் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை. தெரிந்ததில் பாதி தப்பு என்பதால்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் சேதி. நான் ஆர்மேனியா போய் வந்துவிட்டேன். நம்புவாயா? மகாபலிபுரம் போவதற்கே முட்டிவலி, வெயில், பஸ் என்று ஆயிரம் காரணம் சொல்கிறவள், புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறினேன். எங்கு திரும்பினாலும் மலை, மலைக்கு மலை ஒரு பழைய கோயில். ஆனால் நான் மலை பார்க்கப் போகவில்லை, கோயில் பார்க்கவும் போகவில்லை. உன் வீட்டுக்காரரை வேவு பார்க்கப் போனேன்.

சிரிக்காதே. காரணம் இருக்கிறது.

நீ போன பிறகு அத்தான் மாறிவிட்டார். மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு உட்காரும் மனிதர் அவர். ஆயரே வந்தாலும் பனியன்தான். நீ உள்ளேயிருந்து துண்டை விட்டெறிவாய், அதைத் தோளில் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் இப்போது வீட்டுக்குள்ளேயே சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் அக்கினி நட்சத்திரத்தில், கரண்ட் போன நேரத்தில்.

"வேர்க்கலையா அத்தான்?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு எஸ்தர்," என்றார்.

தாம்பரத்து வெயில் யாருக்கு அக்கா பழகும்?

அப்புறம் மேபல் டீச்சர். உனக்குத் தெரியும், கோவிலம்பாக்கத்திலிருந்து நம் சபைப் பாடகர் குழுவுக்கு வருவாரே, கணவர் தவறிப் பல வருடம் ஆன டீச்சர். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் அத்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விடத் தொடங்கினார். கேட்டால், மேடவாக்கம் ரோட்டில் ஒரே டிராஃபிக், பாவம், தனியாகப் போகிறார் என்று பதில். டிராஃபிக் நேற்றைக்கா வந்தது? நீ இருந்தபோதும் அந்த ரோடு அப்படித்தானே இருந்தது?

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒருநாள் உன் புடவைகளுக்கு அந்துருண்டை போடலாம் என்று பீரோவைத் திறந்தேன். உன் தாலி இருந்த சிவப்புப் பெட்டியைத் தற்செயலாகத் திறந்தேன். சரி, தற்செயலாக இல்லை, திறந்து பார்த்தேன். பெட்டி காலி. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஆயரம்மா உன் கழுத்திலிருந்து கழற்றி அத்தான் கையில் கொடுத்ததும், அவர் அதை இந்தப் பெட்டியில் வைத்ததும் நான் கண்ணால் பார்த்தவை. புறா பொறித்த உன் தாலி இப்போது எங்கே?

பெங்களூரில் இருக்கும் உன் மகள் பிரிஸ்காவுக்குப் போன் போட்டேன். "டாடி எங்கயாவது பத்திரமா வச்சிருப்பார் சித்தி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க," என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் டென்ஷன் கிடையாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆயர் அறிவித்தார், சபையிலிருந்து ஆர்மேனியாவுக்கு ஒரு பயணம் போகிறோம், உலகத்தின் மிகப் பழைய தேவாலயங்களைப் பார்க்கலாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. ஆராதனை முடிந்ததும் முதலில் போய்ப் பெயர் கொடுத்தவர் யார்? வேளாங்கண்ணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத உன் வீட்டுக்காரர். இரண்டாவது மேபல் டீச்சர்.

காணாமல் போன தாலி, கண்காணாத தேசம், பழைய கோயில், கூடவே ஒரு டீச்சர். நீயே கூட்டிப் பார். அங்கே ஏதோ ஒரு மலைக்கோயிலில் உன் தாலியை அந்த அம்மாள் கழுத்தில் கட்டி, கையோடு கூட்டிவந்து நடுக்கூடத்தில் நிறுத்தப் போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கடல் தாண்டிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் அப்புறம் யார் என்ன கேட்க முடியும்? மூன்றாவது பெயர் என்னுடையது.

"உனக்கு எதுக்கு எஸ்தர் இந்த அலைச்சல்? முட்டி வலிக்குமே," என்றார் அத்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை அக்கா. என் கோபமெல்லாம் உன் பொருட்டு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் நான் மாடி, நீங்கள் கீழே, சமையல் ஒன்று என்று இத்தனை காலம் வாழ்ந்துவிட்டேன். கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை, அதற்காக நான் ஏங்கவும் இல்லை, உன் சமையலறையே எனக்கு வீடாக இருந்தது. இன்னொருத்தி வந்து அந்த அடுப்பங்கரைக்கு உரிமை கொண்டாடினால் நான் தட்டை எடுத்துக்கொண்டு எங்கே உட்காருவேன்? எனக்கு இருந்த பயம் அதுதான். எதிர்வீட்டு அம்மாளோ வேறு வழி சொன்னாள். "ஊர்ல நடக்காததா? அக்கா புருஷன்தானே, நீங்களே பாத்துக்கலாமே," என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த காப்பியில் நான் சர்க்கரை போடவில்லை.

விமான நிலையத்திலேயே என் காவல் ஆரம்பமாகிவிட்டது. பெண்கள் வரிசையில் நின்றபடி அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை செய்யும் காவலர் அவர் உடம்பில் கருவியைத் தடவினார், அது கத்தியது. நெஞ்சில் கை வைத்து ஏதோ கேட்டார். அத்தான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி உள்ளே காட்டினார். காவலர் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை ஆட்டி, மரியாதையாக வழி விட்டார். சட்டைக்குள் வைத்துக் கடத்துகிறார் என்று நான் முடிவுகட்டினேன். பையில் வைத்தால் நான் பார்த்துவிடுவேன் என்று தெரிந்திருக்கிறது, பலே ஆள்தான்.

அந்த ஊரைப் பற்றிக் கேட்கிறாயா? அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மேலே பனி, நடுவில் புல், கீழே ஆப்ரிகாட் என்கிற சர்க்கரைப் பாதாமிப் பழத் தோட்டம். ரொட்டியைத் தரைக்குள் புதைத்த அடுப்பில் சுட்டு, போர்வை நீளத்துக்கு எடுத்து மடித்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய ரொட்டிக்குள் எதை ஒளித்திருப்பார்கள் என்று பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். நல்லவேளை, டிராவல்ஸ்காரர்கள் கடப்பேரி நாகு அண்ணனைச் சமையலுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். இல்லையென்றால் நான் பழத்தைத் தின்றே திரும்பியிருப்பேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்ணின் பெயர் அனி. எந்தக் கோயிலைக் காட்டினாலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்பாள். ஒன்றிலாவது எண்ணூறு என்று சொல்லக் கூடாதா என்று எனக்கு அவள் மேலும் ஒரு சந்தேகம். ஆனால் உள்ளே போனால் வாய் அடைத்துவிடும் அக்கா. பெஞ்சு கிடையாது, ஃபேன் கிடையாது, மைக் கிடையாது. கறுத்த கல், மேலே சின்ன ஜன்னல், மணல் தட்டில் நட்ட மெழுகுவத்திகள். பெண்கள் தலையை மூடவேண்டும் என்றாள். எங்களுக்கென்ன, முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலை விட்டு வெளியே வரும்போது பலிபீடத்துக்கு முதுகு காட்டமாட்டார்கள். பீடத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வாசலுக்கு வருவார்கள். அனி சொன்னதும் நம் ஆட்கள் எல்லோரும் பின்பக்கமாக நடந்தார்கள் பார், ஆயர் ஆயரம்மாவின் காலை மிதித்தார், படப்பைச் சபையிலிருந்து எங்களோடு சேர்ந்து வந்திருந்த சுகிர்தா தூணில் போய் முட்டினாள். அந்த அமளியிலும் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். அத்தானும் மேபல் டீச்சரும் நட்டநடுவில், தோளுக்குத் தோள், பீடத்தைப் பார்த்தபடி ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்தார்கள். கல்யாண ஊர்வலத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி இருந்தது.

சுகிர்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள். "சிஸ்டர், அவர் உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல. எங்க அக்கா வீட்டுக்காரர். அக்கா தவறிட்டாங்க."

"ஓ. அப்ப அந்த டீச்சர்?"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன். அதன்பின் அவளும் என்னோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒரு கண் கூடுதலாகக் கிடைத்தது.

நோவா பேழை தங்கின மலை அங்கேதான் தெரியும் என்று சொல்லி ஒரு மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எனக்கு உன் ஞாபகம்தான். ஞாயிறு பள்ளியில் ஃபிளானல் போர்டில் பழுப்புத் துணியில் வெட்டின மலையை ஒட்டி, அதன் உச்சியில் கப்பலை ஒட்டி, பிள்ளைகளை யானை மாதிரியும் கிளி மாதிரியும் கத்தச் சொல்வாயே. "அந்த மலையை ஒரு தடவை கண்ணால பாக்கணும்டி எஸ்தர்," என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அத்தான் அதற்காகத்தான் பெயர் கொடுத்திருப்பாரோ என்று ஒரு நிமிடம் மனது இளகியது. அடுத்த நிமிடம் அவர் மேபல் டீச்சருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இளகினது இறுகிவிட்டது.

மலை தெரியவில்லை. வெறும் மேகம். அனி மேகத்தைக் காட்டி, அதற்குப் பின்னால்தான் இருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, அங்கே போக வழி மூடியிருக்கிறது, இங்கிருந்து பார்க்கத்தான் முடியும் என்றாள். போகவும் முடியாது, பார்க்கவும் முடியாது, ஆனால் இருக்கிறது. இதை நான் நம்பவேண்டுமாம்.

"நிஜமாவே அங்க மலை இருக்கா அண்ணா?" என்று நாகு அண்ணனைக் கேட்டேன். அவர் ஆர்மேனியாவுக்குப் பலமுறை சமைக்கப் போனவர்.

"கீதும்மா, கீது. இன்னா பெர்சு தெரியுமா? மலை எங்கியும் பூடாது. மேகம்தான் பேஜார் பண்ணிக்கினு கீது," என்றார்.

மறுநாள்தான் அது நடந்தது. பாறையைக் குடைந்து கட்டின ஒரு மடம். கட்டினது என்று சொல்லக் கூடாது, மலைக்குள்ளேயே அறைக்குள் அறையாகச் செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் ஒரே ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் விழும், உள்ளேயே ஊற்று ஓடும். என் முட்டி படியேற மறுத்ததால் வெளியே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். சுகிர்தா ஓடி வந்தாள். "சிஸ்டர், அவங்க ரெண்டு பேரும் மட்டும் வரல," என்றாள்.

முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை. உள்ளே போனேன். முதல் அறை, யாருமில்லை. இரண்டாவது அறையில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கூரை வெளிச்சத்துக்குக் கீழே அத்தான் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மேபல் டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவர் கழுத்தில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். தங்கம் மின்னியது. முடிச்சுப் போடுகிற விரல்கள் அப்படியே தெரிந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா. ஆணுக்குப் பெண் தாலி கட்டுகிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? இந்த ஊரில் எல்லாமே பின்பக்கமாகத்தானே நடக்கிறது, இதையும் அப்படித்தான் செய்வார்கள் போல என்று என் புத்தி சொன்னது. "நிறுத்துங்க! எங்க அக்கா தாலி அது!" என்று கத்திவிட்டேன்.

அந்தக் குகையில் மெல்லப் பேசினாலே நாலு மடங்காகக் கேட்கும். நான் கத்தினது சுவரெல்லாம் முட்டி "தாலி அது, தாலி அது" என்று திரும்பத் திரும்ப வந்தது. மூலையில் பாடிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அத்தான் திரும்பினார். மேல் பொத்தான்கள் திறந்திருந்தன. நரைத்த முடிக்கு நடுவில், அவர் நெஞ்சின் மேல், உன் புறா.

"கொக்கி விட்டுப் போச்சு எஸ்தர். படியில ஏறும்போது கீழ விழப் பாத்துச்சு," என்றார். மேபல் டீச்சர் கையில் தையல் ஊசிப் பெட்டியிலிருந்து எடுத்த பச்சை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி விட்ட சங்கிலியை அதால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூவரும் வெளியே வந்து ஒரு கல் மேல் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அம்மாள் பழவற்றல் விற்றுக்கொண்டிருந்தாள். பிறகு அத்தான் பேசினார்.

"அடக்கம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பின பிறகு அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து தாலியை எடுத்தேன். சும்மா கழுத்துல போட்டுப் பாத்தேன். உங்க அக்கா சூடு அதுல இருந்த மாதிரி இருந்துச்சு. கழட்ட மனசு வரல. அப்புறம் வெளிய தெரியக் கூடாதேன்னு சட்டை. யார்கிட்ட சொல்றது? சிரிப்பாங்க. ஆம்பளை தாலி போட்டுக்கிட்டுத் திரியறான்னு."

"இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். போலீஸ்காரி மாதிரி கேட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"உயரமான ஸ்வரம் பாடறப்போ கழுத்து நரம்போட சங்கிலியும் வெளிய வந்துடுச்சு. நான் பாத்துட்டேன்," என்றார் மேபல் டீச்சர். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "என் வீட்டுக்காரர் போனப்போ, கல்லறையிலருந்து வந்த கையோட சொந்தக்காரப் பொம்பளைங்க என்னை ரூமுக்குள்ள உக்கார வச்சுக் கழட்டினாங்க. தாலி, வளையல், தலையில இருந்த பூ. எனக்கு அழக்கூட நேரம் குடுக்கல. இவருக்கு யாரும் எதையும் கழட்டலக்கா. ஆம்பளைங்களுக்குக் கழட்ட என்ன இருக்கு? அதான் இவர் தானா ஒண்ணு போட்டுக்கிட்டார்னு நினைச்சேன். நான் சிரிக்கல."

ஆனாலும் என் குணம் உனக்குத் தெரியுமே. "அப்ப கல்யாணம் அது இதுன்னு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டேன்.

அத்தான் மலையைப் பார்த்தார். டீச்சர் தன் செருப்பைப் பார்த்தார். நான் பழவற்றல் விற்கிற அம்மாளைப் பார்த்தேன்.

"கேக்கணும்னுதான் இருக்கேன். இன்னும் கேக்கல. இதைப் போட்டுக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட எப்படிக் கேக்கறது?" என்றார் அத்தான்.

அக்கா, அதுதான் அவர் கேட்டது. டீச்சர் காதில் அது அப்போதுதான் முதல்தடவையாக விழுகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு குகைக்கோயில் வாசலில், நான் நடுவில் உட்கார்ந்திருக்க, என்னைத் தாண்டி அவர் கேட்டுவிட்டார். காவலுக்குப் போனவள் கடைசியில் சாட்சியாகிவிட்டேன்.

என் சந்தேகம் பாதி தப்பு, பாதி சரி. முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முழுக்கச் சரியாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தேன். அவர்களோடு பேசவில்லை. உன் நெஞ்சில் கிடந்ததை அவர் நெஞ்சில் பார்த்ததும் ஏன் எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது? துக்கத்தில் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேனோ?

ஊர் திரும்புகிற அன்று காலையில் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மேகம் சுத்தமாக விலகியிருந்தது. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது அந்த மலை அக்கா, வெள்ளை வெளேரென்று. ஒன்று இல்லை, பெரியதும் சின்னதுமாக இரண்டு. நீ போர்டில் ஒன்றுதான் ஒட்டுவாய். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

"ரெண்டா இருக்கு எஸ்தர்," என்றார் அத்தான், பின் சீட்டிலிருந்து.

"ஆமா அத்தான்," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த அம்மாள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

வந்து கொஞ்ச நாள் கழித்து, காலையில் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் சமையலறைக்கு வந்தார். பனியனோடு வந்தார். உன் தாலி வெளியே கிடந்தது, பச்சை நூலோடு. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"என் கையால கழட்ட முடியல. மேபல் கழட்டக் கூடாது. பிரிஸ்கா தாங்கமாட்டா. நீ கழட்டிடு எஸ்தர்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். டீச்சர் போட்ட முடிச்சு அசைந்து கொடுக்கவில்லை. கத்தியை அவர் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் பயந்து, நகத்தால் நூல்நூலாகப் பிரித்தேன். அத்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார். உன் அடக்கத்தன்று வந்தவர்களுக்குத் தண்ணீர், நாற்காலி, பந்தி என்று ஓடிக்கொண்டிருந்ததில் நான் அழவேயில்லை அக்கா. அன்றைக்கு வெண்டைக்காய்க்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். என் அக்கா போய்விட்டாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தாலி இப்போது மாடியில் என் பீரோவில் இருக்கிறது. பிரிஸ்கா வந்ததும் அவளிடம் கொடுத்துவிடுவேன். கல்யாணத்துக்கு வேறு தாலி செய்கிறார்களாம். மாதிரி காட்ட வந்தார்கள், சிலுவை மட்டும் வைத்தது, புறா இல்லை. புறா வேண்டாம் என்று சொன்னது டீச்சர்தானாம். நல்ல எண்ணத்திலா, வேறு எண்ணத்திலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் டீச்சர் தனியாக வந்தார். மாடி ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா, சமையல் நீங்கதானே பாத்துப்பீங்க? எனக்கு சாம்பார்கூட சரியா வராது," என்றார். குடித்தனம் நடத்திப் பிள்ளை வளர்த்த பொம்பளைக்குச் சாம்பார் வராதா? நீ நம்புவாயா? நான் நம்பவில்லை. ஆனால் நம்பின மாதிரி, "நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க," என்று சொல்லிவிட்டேன். என் தட்டு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது இந்தக் கடிதத்தின் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். சபையில் ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் கேட்பாரே, அது இரண்டு முறை முடிந்துவிட்டது. இரண்டு முறையும் பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சுகிர்தா அதற்காகவே படப்பையிலிருந்து நம் கோயிலுக்கு வந்திருந்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு மூன்றாவது ஓலை, கடைசித் தடவை.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா, இது உன் மேல். ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கண் திறந்து பேசின நாளில், மேபல் டீச்சர் உன்னைப் பார்க்க வந்திருந்தபோது, எனக்கு இளநீர் வேண்டும் என்று சொல்லி என்னைக் கீழே அனுப்பினாய். இளநீரை நீ எப்போது குடித்தாய்? உனக்கு அதன் வாடையே ஆகாதே. நான் வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது டீச்சர் கண் சிவந்திருந்தது, நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மாளிடம் நீ என்ன சொன்னாய்? கேட்டுப் பார்த்துவிட்டேன், அவர் வாயைத் திறக்கவில்லை. எல்லோரையும் வேவு பார்த்த நான், உன்னை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேனோ?

சரி, நீயே சொல். உனக்குத் தடை இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குள் எப்படியாவது எனக்குத் தெரிவித்துவிடு. கனவில் வா, கதவைத் தட்டு, ஒரு பாத்திரத்தையாவது கீழே தள்ளிவிடு. நான் எழுந்து நின்று நம் சபை முழுக்கக் கேட்கிற மாதிரி உனக்காகச் சொல்வேன், என் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஆர்மேனியாவில் எல்லோருக்கும் தெரியும். நீ பேசாமல் இருந்தால், அது உன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நானும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். யார் திரும்பிப் பார்த்தாலும் எழுந்திருக்கமாட்டேன், இது சத்தியம்.

நேற்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

நீ இல்லாத வீட்டிலும் உனக்குத்தான் தங்கச்சி,
எஸ்தர்